இடைவெளி இல்லாத பாட்டு

றெக்ஷன் கடலில் இறங்குவதற்கு முன்னர் கடைசியாகச் செய்கிற வேலை பாட்டைப் போடுவது. முதுகில் சிலிண்டரோடு படகின் விளிம்பில் இருந்துகொண்டு, ஈரக் கையைத் தொடையில் துடைத்து, போனைத் தொடுவான். ஸ்பீக்கரில் முதல் இடி விழும். இரண்டாவது விழும். ஓடத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே முகக்கண்ணாடியை இழுத்துவிட்டு, பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் போவான்.

"கண் தண்ணியில, காது பாட்டில," என்றான் அன்றைக்கும். "நேரத்துக்கு முந்தி அடிச்சுப்போடாதேங்கோ மாமா. இண்டைக்கு நல்ல நிலம்."

"ஓம். நீர் போம்."

"போன கிழமை மாதிரி ஒரு முகிலைக் கண்டிட்டு டங் டங் எண்டு..."

"போமெண்டுறனல்லே."

றெக்ஷன் சிரித்தான். வாய்க்குழாயைக் கடித்தான். அவன் இருந்த இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டது.

பிலிப்பு தனியே இருந்தார். சாட்டிக் கடற்கரை தூரத்தில் ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது. விடுமுறை நாளாகையால் குளிக்க வந்தவர்களின் வான் வண்டிகள் சவுக்கு மரங்களுக்குக் கீழே மின்னின. வழமையாக அவர்கள் இவ்வளவு கரையோரம் வருவதில்லை. மேற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கடலட்டை குளிப்பார்கள், அதாவது மூழ்கிப் பொறுக்குவார்கள். அன்று அங்கே காற்றுக் கடுமையாக இருந்தபடியால் இங்கே வந்திருந்தார்கள்.

வேலை இரண்டு பேருக்கானது. கீழே மருமகன் அட்டை பொறுக்குவான். மேலே மாமனார் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலிண்டரில் காற்று முடியப்போகிற நேரம், படகின் ஓரத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிற இரும்புக் குழாயை ஸ்பானரால் அடிப்பார். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் நெடுந்தூரம் போகும். அதைக் கேட்டு அவன் மேலே வருவான். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிற மீற்றர் றெக்ஷனிடமும் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் முள் செத்து மூன்று மாதம். புதியது கொழும்பிலிருந்து வருகிறது, வருகிறது என்றார்கள்.

மணிக்கூடு பார்த்து அடிக்கலாம்தான். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். மணிக்கூட்டைப் பார்க்கக் குனிகிற நேரத்தில் ஒரு அலை குமிழியை எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு கண் அதைத் தேடித் தேடிக் களைக்கும். கண்ணைத் தண்ணீருக்கும் காதை நேரத்துக்கும் பிரித்துக் கொடுத்தது றெக்ஷனின் மூளை. அதற்கு அவனுக்கு வாய்த்தது, பிலிப்பின் அக்கா மகன் ஷாருஜன் பிரான்சிலிருந்து திருநாளுக்கு வந்தபோது விட்டுப்போன ஒரு இசைத்தட்டு. அதை ஒரு போனில் ஏற்றிக்கொண்டான்.

அது ஹவுஸ் என்று ஒரு வகைப் பாட்டாம். பலர் பாடியதை ஒரு டீஜே ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தது. முதல் தடவை கேட்டபோது பிலிப்புக்கு அது பாட்டாகவே படவில்லை. யாரோ ஓர் அறைக்குள் நின்று கதவை இடிப்பதுபோல் ஒரே அடி. அவர் அதிகம் பேசாத மனிதர். கடலில் அவருக்குப் பிடித்ததே ஒருவரும் பேசாமல் இருப்பதுதான். அந்தத் தட்டில் ஒரு மூச்சு விடுகிற இடமாவது வரும் என்று பார்த்தார். வரவேயில்லை. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு அதன் அடியில் வந்து கிடக்கும். இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றாகப் போகும். எப்போது முதலாவது போனது, எப்போது இது மட்டும் மிஞ்சியது என்று சொல்ல ஏலாது. கடலில் வற்றும் பெருக்கும் மாறுவதும் அப்படித்தான். அந்த நொடியை யாரும் கண்டதில்லை.

கேட்டுக் கேட்டு அவருக்குப் பாதை பிடிபட்டுவிட்டது. முதலில் வெறும் அடி. பிறகு பெருமூச்சு விடுகிற ஒருத்தி. பிறகு கைதட்டல்கள். பிறகு தாழ்ந்த குரலில் யாரையோ சமாதானப்படுத்துகிற ஒருவன். அதற்குப் பிறகு இரண்டாவது பெண். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். அவளுக்குப் பிறகு மழை மாதிரி ஒரு இரைச்சல். எல்லாவற்றுக்கும் கடைசியில், அவ்வளவு நேரமும் நிற்காத அந்த அடி திடீரென்று விட்டுப்போகும். கோயில் ஓர்கன் போல ஒன்று மட்டும் தனியே நிற்கும். அந்த இடத்தில் பிலிப்பு ஸ்பானரை எடுப்பார். அதற்குப் பிறகும் சிலிண்டரில் கொஞ்சம் காற்று இருக்கும். ஒரு நாளும் பிசகினதில்லை.

பிசகினதெல்லாம் அவருடைய பயத்தால். இரண்டு முறை, ஓர்கன் வருமுன்னரே அடித்துவிட்டார். ஒரு தடவை முகில், ஒரு தடவை காரணமே இல்லை. அரைவாசிப் பையோடு மேலே வந்த றெக்ஷன் படகில் ஒன்றும் சொல்லவில்லை. இறங்குதுறையில்தான், எல்லாரும் நிற்கையில், மாமா முகிலைக் கண்டு பயந்த கதையை நடித்துக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடுத்த முறை உங்களுக்குப் பதிலா வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போகட்டோ மாமா?" என்றும் கேட்டான். பகிடிதான். ஆனால் பிலிப்பு அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். இரவுச் சாப்பாட்டில் அது அவருக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று காலை இன்னொன்றும் நடந்தது. பாட்டுக்கென்று படகில் வைத்திருந்த பழைய போன் பற்றரி வீங்கி, மூடி பிளந்து கிடந்தது. அது சிம் இல்லாத போன். பாட்டைத் தவிர அதற்கு வேறு தொழில் இல்லை. றெக்ஷன் அதற்குள் பாட்டு இருந்த சின்ன மெமரி கார்ட்டைக் கழற்றி பிலிப்பின் போனில் போட்டான். "ஒரே பாட்டுத்தானே மாமா," என்றான். இருவருமே அதைப் பற்றி வேறொன்றும் யோசிக்கவில்லை.

இரண்டாவது பெண் பாடிக்கொண்டிருக்கையில் பாட்டு நின்று, மணியடித்தது.

"இஞ்சேருங்கோ," என்று மனைவி ஜெயந்தாவின் குரல் ஸ்பீக்கரில் வந்து கடல் முழுக்கப் பரவியது.

"என்னப்பா, கடல்லையெல்லோ நிக்கிறன்."

"தெரியும். ஒரு சொல்லுத்தான். கரம்பொன் மாமி வந்தவ."

"வரட்டன்."

"வந்து கதிரையில இருந்தவ. பக்கத்து வீட்டு மேர்சி, பிள்ளையின்ர முதல் நன்மை விருந்துக்கெண்டு எங்கட கதிரையள் கொண்டுபோனவளெல்லே?"

"ஓம்."

"அதில ஒண்டுக்குக் கால் முறிஞ்சு போச்சு. சொல்லாமல் கொள்ளாமல் ஒட்டு நாடாவைச் சுத்தி ஒட்டி, மற்றக் கதிரையளுக்கு நடுவில அடுக்கி வைச்சிட்டுப் போயிருக்கிறாள். நான் பாத்துப் பாத்து அதையெல்லோ மாமிக்கு எடுத்துப் போட்டனான்."

"ஐயோ."

"நீங்கள் ஐயோ எண்டுறியள். நான் ஐயோ எண்டு சொல்ல முதல் ஆள் நிலத்தில. ரெண்டு காலும் மேல. கையில தேத்தண்ணிக் கோப்பை. அது ஒரு துளி சிந்தேல்லை. குருவானவர் பூசையில இரசக் கிண்ணத்தைத் தூக்கினமாதிரி நேரா நிமித்திப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா."

பிலிப்பின் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு எழும்பியது. அவர் உரக்கச் சிரிக்கிறவரல்ல. தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணைக் குமிழியிலிருந்து எடுக்கவில்லை. அரிசி கொதிக்கிறமாதிரி அது படகுக்கு அந்தப் பக்கம் வெளிவந்துகொண்டுதான் இருந்தது.

"சிரிக்காதேங்கோ, அவ பக்கத்து அறையில படுத்திருக்கிறா. உங்கட வீட்டில கதிரைகூட என்னை மதிக்கேல்லை எண்டு அழுகிறா. நீங்கள் வந்து மேர்சியைக் கேக்கவேணுமாம்."

"நானோ? மேர்சியையோ? அவளின்ர வாயைத் தெரியாதே உமக்கு?"

"அதுதான் நானும் சொன்னனான். அந்தாள் கடல்லதான் பயப்பிடாது, மேர்சியிட்ட நடுங்கும் எண்டு."

"கடல்லையும்தான் எண்டு உம்மட மருமோன் சொல்லுவான்."

இப்போது அவளும் சிரித்தாள். பிறகு மாமிக்கு இடுப்பில் என்ன எண்ணெய் போடலாம் என்பதும், மதியச் சாப்பாட்டுக்கு மாமி நிற்பாவா, நின்றால் அவவுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதே என்பதும் வந்தன. மேர்சி வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாததுபோல் உடுப்புக் காயவிட்ட விதத்தை அவள் தனியாக விவரித்தாள். ஒரு சொல் என்று தொடங்கியது எங்கெல்லாமோ போய்வந்தது. கடைசியில்தான், "மருமோன் எங்க?" என்று கேட்டாள்.

"கீழ."

"அப்ப வையுங்கோவன், இவ்வளவு நேரமும் கதைச்சுக்கொண்டு."

அவள் போனை வைத்தாள். பாட்டு மறுபடி வந்தது. அதே இரண்டாவது பெண், அதே சொல். பிலிப்பு முகத்தைத் துடைத்தார். விட்ட இடத்திலேயே பாட்டு இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆறுதல் எங்கேயோ கசியத் தொடங்கியது. ஏனென்று தெரியவில்லை. நீரோட்டம் மாறிப் படகு நங்கூரத்தில் கால் சுற்றுத் திரும்பியிருந்தது. முதுகில் விழுந்த வெயில் இப்போது தோளில் விழுந்தது. காற்று எழும்பித் தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறியது. குமிழி எது, நுரை எது என்று பிரிக்கக் கடினமாக இருந்தது. அதோ என்று பார்த்தால் அது அலையாக இருந்தது.

கை ஸ்பானரை எடுத்தது. இரண்டாவது பெண் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பிறகு மழை. மழைக்குப் பிறகு ஓர்கன். இன்னும் நல்ல நேரம் கிடக்கிறது. இப்போது அடித்தால் நாளைக்கு இறங்குதுறையில் என்ன நடிப்பு நடக்கும் என்று பிலிப்புக்குத் தெரியும். அவனுடைய கண்ணை விரிக்கும் விதம், ஸ்பானரை இரண்டு கையாலும் பிடிக்கும் விதம். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். வைத்த கை அதன் மேலேயே கிடந்தது.

பாட்டில் மழை இரைச்சல் மெல்ல வரத் தொடங்கியது. அப்போது மறுபடியும் போன் அடித்தது.

திரையில் அன்ரனிட்டா என்று இருந்தது. மகள், றெக்ஷனின் மனைவி. இதுவும் மாமியின் கதையாகத்தான் இருக்கும். அவர் பெருவிரலால் அழைப்பை வெட்டினார். உடனே பாட்டு வந்தது. இரண்டாவது பெண் தன் சொல்லை வழக்கம்போல் இழுத்துப் பாடி விடைபெறுகிற இடம் அது. பாதியில் மணி வந்து வெட்டியிருந்தது. இப்போது அந்தச் சொல்லின் மற்றப் பாதி மட்டும், ஒரு மீனின் வால் துண்டு மாதிரி, வந்து விழுந்தது.

பிலிப்பு அந்த அரைச் சொல்லைக் கேட்டார்.

அவருடைய உடம்பு முதலில் விளங்கிக்கொண்டது. விரல்கள் ஸ்பானரைப் பற்றின. பாட்டு நின்றிருக்கிறது. ஜெயந்தா பேசப் பேச, அவர் சிரிக்கச் சிரிக்க, பாட்டு ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே காத்திருந்திருக்கிறது. கீழே காற்று காத்திருக்கவில்லை. அவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.

எவ்வளவு நேரம் கதைத்தார்கள்? கதிரை, தேத்தண்ணி, எண்ணெய், நண்டு, மேர்சியின் உடுப்பு. ஒன்றையும் நீளமாகப் பேசியதாக ஞாபகமில்லை. சிரித்த நேரத்துக்கு எந்த அளவும் அவரிடம் இல்லை.

அடித்தார். குழாயில் விழுந்த முதல் அடி வழுக்கிப் படகின் விளிம்பில் பட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது. டங், டங், டங். நிறுத்திப் பார்த்தார். தண்ணீர் ஒரு மாற்றமும் காட்டவில்லை. மறுபடி அடித்தார். அடிகளுக்கு எண்ணிக்கை இல்லை, கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் மழையும் அதற்குக் கீழே அந்த அடியும் ஓடிக்கொண்டிருந்தன. தன் அடியும் பாட்டின் அடியும் சேர்ந்துபோகிறதை ஒரு கணம் கவனித்தார். கை தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது அவரை எல்லாவற்றையும் விடப் பயமுறுத்தியது.

கீழே பழைய வலைகள் கிடக்கும். காலில் சுற்றியிருக்கலாம். கையில் கத்தி இருக்கிறது. கத்தி இருந்தாலும் காற்று இல்லாவிட்டால்... குதிப்போமா? எந்தப் பக்கம் குதிப்பது?

"றெக்ஷன்!" என்று கத்தினார். தண்ணீருக்குள் இருக்கிறவனைத் தண்ணீருக்கு வெளியே நின்று கூப்பிடுகிறதன் மடத்தனம் கத்திய பிறகுதான் தெரிந்தது.

ஸ்பீக்கரைப் பார்த்தார். அதை நிறுத்தும் பொத்தான் எதென்று கை தடுமாறியது. பிடுங்கிக் கடலில் எறிந்தார். அது சில நொடி தண்ணீரில் முனகிவிட்டு அடங்கியது.

அதன்பின் வந்தது அவர் வாழ்நாளெல்லாம் விரும்பிய அமைதி. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டியது. காற்று கயிற்றில் ஊதியது. கரையில் யாரோ பந்து அடிக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவரால் தாங்க முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அதற்குள் காதைக் கொடுத்தார்.

ஒரு சத்தம். இருமலா, கடற்காகமா என்று தெரியாத ஒரு கீறல்.

பிலிப்புக்கு ஒரு காதுதான் கேட்கும். மற்றதன் சவ்வை அவர் குளித்த காலத்திலேயே கடல் கிழித்துப்போட்டது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, தலையை மெல்ல மெல்லத் திருப்பினார். கீறல் சிறுத்தது. இன்னும் திருப்பினார். பெருத்தது. மறுபடி சிறுத்தது. பெருத்த இடத்துக்குத் தலையைத் திரும்பக் கொண்டுவந்து கண்ணைத் திறந்தார். வெயில் தகடாகத் தெறித்துக்கொண்டிருந்த பக்கம். இவ்வளவு நேரமும் அவர் பார்க்காமல் முதுகு காட்டியிருந்த பக்கம். நண்டு வலைக்கு மிதவையாகப் போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கான் அங்கே மிதந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தலை.

நங்கூரக் கயிற்றை அவிழ்க்கவில்லை, வெட்டினார்.

றெக்ஷன் இரண்டு கையாலும் கானைக் கட்டிப்பிடித்திருந்தான். சிலிண்டரும் இல்லை, ஈயப் பட்டியும் இல்லை, அட்டைப் பையும் இல்லை. மூக்கிலிருந்து வந்த இரத்தம் வாயைச் சுற்றி மெழுகியிருந்தது. பிலிப்பு அவனைக் கமக்கட்டில் பிடித்து இழுத்தார். இரண்டு முறை வழுக்கினான். மூன்றாவது முறை இருவரும் சேர்ந்தே படகுக்குள் விழுந்தார்கள்.

"கத்தினனான்," என்றான் றெக்ஷன், மேலே பார்த்துக் கிடந்தபடி. "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. உங்களுக்குப் பாட்டு... பாட்டு நல்லாக் கேட்டது எனக்கு."

"உம்மட மாமி போன் எடுத்தவ. பாட்டு நிண்டிட்டுது. நான் அதை..."

றெக்ஷன் வாயோரத்து இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். பிறகு கண்ணை மூடினான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று பிலிப்பு கண்டார். விளங்கியதை வைத்து அவன் என்ன செய்வான் என்று யோசிக்கிற நேரம் அதுவல்ல.

"மேல வரேக்க மூச்சை விட்டுக்கொண்டு வந்தனீரோ, அடக்கிக்கொண்டு வந்தனீரோ?"

"தெரியாது மாமா."

"யோசிச்சுச் சொல்லும்."

"தெரியேல்லை எண்டுறன். இழுத்தன், ஒண்டும் வரேல்லை. பட்டியைக் கழட்டினன். பிறகு வெளிச்சம்."

பிலிப்பு எஞ்சினை இழுத்தார். மரியநாயகத்தை அவர் பல வருடம் நினைக்காமல் இருந்தார். ஒரே படகில் சேர்ந்து குளித்தவன். இதேபோல் காற்றுத் தீர்ந்து, நெஞ்சை இறுக்கி அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்து வந்தவன். வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, பீடி கேட்டான். பாதிப் பீடியில் துப்பினான். துப்பல் ரோஸ் நிறத்தில், சவர்க்கார நுரைபோல் இருந்தது. உள்ளே நுரையீரல் கிழிந்த நிறம் அது. கரைக்கு வருமுன் போய்விட்டான்.

படகின் முனையைச் சாட்டிப் பக்கம் திருப்பினார். அங்கே வான்கள் நிற்கின்றன. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எவனாவது ஏற்றிக்கொண்டு போவான். ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை விரித்து அவனுடைய வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"துப்பும்."

"என்ன?"

"என்ர கையில துப்பும்."

"மாமாக்கு விசராக்கிப் போட்டுதோ?"

"துப்படா!"

அவன் துப்பினான். பிலிப்பு உள்ளங்கையை வெயிலுக்குப் பிடித்தார். சிவப்பு. நூல் நூலாகச் சிவப்பு. நுரை இல்லை. மூக்கு இரத்தமாயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கையைக் கடலில் கழுவி மறுபடி நீட்டினார்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. தலைதான் விண் விண் எண்டுது."

"துப்பும்."

இந்தத் தடவை நிறம் இளகியிருந்தது. அவருக்கு அப்படித் தெரிந்ததா, உண்மையில் இளகியதா என்று நிச்சயமில்லை. கண்ணில் வியர்வை விழுந்து எரித்தது. கழுவினார். கரை பெரிதாகிக்கொண்டு வந்தது. மனிதர்கள், பந்து, சிவப்பு வாளி ஒன்று. தண்ணீரில் நின்ற பிள்ளைகள் படகைக் கண்டு சந்தோசமாகக் கை காட்டினார்கள்.

"வானை எடுங்கோ!" என்று பிலிப்பு கத்தினார். "ஆராவது வானை எடுங்கோ!"

பிள்ளைகள் இன்னும் கை காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் மட்டும் கையை இறக்கிவிட்டு, படகின் அடியில் கிடந்தவனைப் பார்த்து, மரங்களின் பக்கம் ஓடத் தொடங்கினார்.

"துப்பும், மோனை."

"வாயில தண்ணியே இல்லை மாமா."

"இருக்கிறதைத் துப்பும்."

றெக்ஷன் முழங்கையை ஊன்றி எழும்பி, நாக்கைச் சுழற்றி, கிடைத்ததைச் சேர்த்துத் துப்பினான். பிலிப்பு பார்த்தார். வெறும் எச்சில். கலங்கலில்லை, நூலில்லை. உள்ளங்கை ரேகையெல்லாம் அதற்கூடாகத் தெரிந்தது. அவர் அதை நம்பவில்லை. கடலில் தோய்த்துக் கழுவினார். படகின் அடி மணலில் உரசுகிற அந்த நேரத்திலும், கையை மறுபடி அவனுடைய வாய்க்கு முன்னால் கொண்டுபோய் விரித்துப் பிடித்தார்.